சின்ன ஜீப்புக்கு எவ்வளவு காசு போகுது: வன்னி ரோட்டில கணக்குப் பாக்கிற விதம்

ஜீப்பை விட்டு இறங்கினா முதல் கேள்வியே "அண்ணை, லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" எண்டுதான். கேக்கிற பொடியனுக்கு ஒரு நம்பர் வேணும். பன்ரெண்டு எண்டு சொன்னா ஒரு முகம், எட்டு எண்டு சொன்னா வேற முகம். உண்மை என்னெண்டா, அந்த ஒரு நம்பரால ஒண்டும் விளங்காது. இந்தச் சின்ன ஜீப்புகளில பெற்றோல் எண்டுறது மொத்தச் செலவில பாதிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மிச்சம் ரயரிலயும் ஒயிலிலயும் கராஜிலயும் பேப்பர் வேலையிலயும் சத்தமில்லாமப் போகுது. அதால நான் பாக்கிறது லீற்றருக்கு எத்தினை கிலோமீற்றர் எண்டில்ல, ஒரு கிலோமீற்றருக்கு எத்தினை ரூபா எண்டு. அதை எப்பிடிப் பிடிக்கிறது, எப்பிடிக் குறைக்கிறது எண்டுதான் எழுதுறன்.

என்னட்ட இருக்கிறது சுசுகி ஜிம்னி, பழைய 1.3, கையால கியர் போடுறது. வீடு கிளிநொச்சியில, வயல் முத்தையன்கட்டுப் பக்கம். அதால முறிகண்டி, மாங்குளம் எண்டு ஏ9 ரோட்டில போய், ஒட்டுசுட்டான் வரைக்கும் தார், பிறகு கிரவல், பிறகு வாய்க்கால் ஓரம். எல்லா ரோட்டும் ஒரே நாளில வந்திடும். உங்களிட்ட 660 சிசி ரேர்போ எஞ்சினோ, 2018இல வந்த புது 1.5ஓ, பழைய காபரேற்றர் சுசுகி எஸ்ஜே413ஓ இருந்தாலும் நம்பர்தான் மாறும், முறை ஒண்டுதான்.

முதல் வேலை அளக்கிறது. டாஷ்போட்டில இருக்கிற முள்ளைப் பாத்து "அரை ராங் அடிச்சன், இவ்வளவு ஓடினது" எண்டு சொல்லுறது கணக்கில்ல. புல் ராங் அடியுங்கோ, பம்ப் தானா முதல்தரம் "டக்" எண்டு நிண்ட இடத்தில நிப்பாட்டச் சொல்லுங்கோ, ரவுண்ட் காசாக்க எண்டு அந்தப் பொடியன் இன்னும் ரெண்டு தரம் அமத்துவான், விடாதேங்கோ. ட்ரிப் மீற்றரை பூச்சியமாக்கிப் போட்டு ஓடுங்கோ. அடுத்ததரம் அதே பெற்றோல் செட்டில, ஏலுமெண்டா அதே பம்பில, திரும்பப் புல். போன கிலோமீற்றரை இப்ப அடிச்ச லீற்றரால பிரிச்சா சரி. ஒருதரம் செய்து பாத்துப்போட்டு நம்பாதேங்கோ, நாலைஞ்சு புல் ராங் சேத்துப் பாத்தாத்தான் உண்மை தெரியும். ஒரு கொப்பி வாங்கி டாஷ்போட் பெட்டிக்குள்ள போடுங்கோ. திகதி, கிலோமீற்றர், லீற்றர், காசு, கடைசியா "எந்த ரோட்டு" எண்டு ஒரு சொல். இந்தக் கடைசிச் சொல்லை விட்டா மூண்டு மாசத்தால ஏன் அந்தமுறை எட்டுக்கு இறங்கினது எண்டு தலையைச் சொறிவியள்.

என்ர கொப்பியில ஏ9இல 60, 65இல ஆறுதலாப் போனா 13க்குக் கிட்ட வருது, தாரும் கிரவலும் கலந்தா 11, மாரியில சேத்துக்குள்ள போர்வீல் (நாலு சில்லும் இழுக்கிற கியர்) போட்டு உழுதா 8. புது 1.5க்கு ஐரோப்பாவில டபிள்யூஎல்டிபி முறையில அளந்த கணக்கு 100 கிலோமீற்றருக்கு மனுவலுக்கு 7.9 லீற்றர், ஓட்டோவுக்கு 8.8 லீற்றர். எங்கட பாஷையில மாத்தினா லீற்றருக்கு 12.7உம் 11.4உம். அதால யாராவது ஜிம்னியில 18 எடுக்கிறன் எண்டு சொன்னா சிரிச்சுப்போட்டு விடுங்கோ. பெட்டி மாதிரி உருவம், அடியில ஏணி மாதிரி சேசி, முன்னுக்கும் பின்னுக்கும் முழு அச்சு, அதுக்கு மேல ரெண்டு கியர் ரேஞ்ச். இது சின்னக் கார் இல்ல, சின்ன லொறி. ராங் 40 லீற்றர்தான், 11 எண்டு பாத்தா 440 கிலோமீற்றர், ஆனா கடைசி அஞ்சு லீற்றரைக் கணக்கில எடுக்காதேங்கோ.

இனி மீற்றர் பொய் சொல்லுற கதை. வடிவுக்காகப் பெரிய ரயர் போட்ட எல்லாருக்கும் இது பொருந்தும். என்ர ஜீப்போட கொம்பனியால வாற சைஸ் 205/70 ஆர்15, உயரம் கணக்குப் பாத்தா 668 மில்லிமீற்றர். அதில 235/75 ஆர்15 பூட்டினா உயரம் 733 மில்லிமீற்றருக்கு மேல போகும். கிட்டத்தட்ட நூற்றுக்குப் பத்து வித்தியாசம். சில்லு ஒருதரம் சுத்தினா முந்தினதை விடப் பத்து வீதம் கூடத் தூரம் போகும், ஆனா மீற்றருக்கு அது தெரியாது. மீற்றர் 100 காட்டேக்க நீங்கள் 110 ஓடிட்டீங்கள். பெரிய ரயர் போட்டதும் பெற்றோல் குடிக்குது எண்டு சத்தம் போடுற ஆக்களில பாதிப்பேர் இந்தக் கணக்கை விட்டிட்டுத்தான் சத்தம் போடுறது. மற்றப் பாதி உண்மைதான், பாரம் கூடுது, அஞ்சாம் கியரில 1.3 எஞ்சினால இழுக்க ஏலாம நாலாம் கியரிலயே ஓடுறியள், பிரேக்குக்கும் வேலை கூட. ஸ்பீட் மீற்றரும் அதே அளவுக்குக் குறைச்சுத்தான் காட்டும், பொலிஸ்காரனுக்கு உங்கட ரயர் சைஸ் தேவையில்ல.

மீற்றர் சரியோ எண்டு பாக்க ஏ9இல போகேக்க கிலோமீற்றர் கல்லைப் பாருங்கோ. கண்டியில இருந்து எண்ணிக்கொண்டு வாற கல்லுத்தான். ஒரு கல்லில ட்ரிப்பை பூச்சியமாக்கி, பத்துக் கல்லுத் தாண்டினதும் மீற்றர் என்ன சொல்லுது எண்டு பாருங்கோ. 9.1 எண்டு காட்டினா, உங்கட எல்லாக் கணக்கையும் 10ஆல பெருக்கி 9.1ஆல பிரிக்கோணும். ஒருக்காச் செய்தாப் போதும், கொப்பியின்ர முதல் பக்கத்தில எழுதி வைக்கலாம்.

காத்து. இதைப்பற்றி எல்லாரும் சொல்லுவினம், ஆனா சின்ன ஜீப்புக்குச் சொல்லுறது வேற. செட்டில காத்து அடிக்கிற பொடியன் எந்த வாகனம் வந்தாலும் 32, 35 பிஎஸ்ஐ எண்டு அடிச்சு விடுவான். டிரைவர் கதவைத் திறந்து தூணில ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரைப் பாருங்கோ. என்ர ஜீப்புக்கு முன்னுக்கு 23, பின்னுக்கு 26. புது 1.5க்கு நாலுக்கும் 26. ஜீப் பாரம் குறைவு, ஒரு ரன் சொச்சம்தான், அதுக்கு 35 அடிச்சா ரயரின்ர நடு மட்டும் தேயும், கிரவலில துள்ளும், துள்ளுற சில்லு றோட்டைப் பிடிக்காது. ஆனா மறுபக்கமும் இருக்கு. நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் கடற்கரை மணலில இறங்க எண்டு 15க்கு இறக்கிப்போட்டு, வரேக்க அப்பிடியே தாரில வீட்ட வாற ஆக்கள் இருக்கினம். அதுதான் காசைக் கொட்டுற வேலை. ரயர் சூடேறி பக்கச் சுவர் போகும், பெற்றோலும் போகும். பற்றறியில பூட்டுற சின்னக் காத்துப்பம்ப் ஒண்டு ஜீப்புக்குள்ள இருக்கட்டும், மணலை விட்டு வந்த உடன அடியுங்கோ. காத்துப் பாக்கிறது விடிய, ஓட வெளிக்கிட முன்னம்.

போன வருசம் மாரி முடிஞ்ச கையோட 11.4 ஓடின ஜீப் 9.3க்கு இறங்கிட்டுது. கொப்பி இல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இராது, ஏனெண்டா ஓட்டத்தில ஒரு வித்தியாசமும் இல்ல. ஒரு கராஜில காட்டினன், பிளக் மாத்தச் சொன்னாங்கள், மாத்தினன், பெற்றோல் பில்ரர் மாத்தச் சொன்னாங்கள், அதையும் மாத்தினன், நம்பர் அசையேல்ல. பிறகு ஒருநாள் வயலுக்குப் போகேக்க வழமை போல முறிகண்டிப் பிள்ளையாரிட்ட நிப்பாட்டினன். கும்பிட்டுட்டு ஒரு சுருள் கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து, ஏதோ யோசனையில முன் சில்லில கை வைச்சன். கையை உடன எடுத்திட்டன், தோசைக்கல்லு மாதிரிச் சூடு. மற்றப்பக்கம் போய்த் தொட்டன், வெதுவெதுப்பு மட்டும். அப்பதான் விளங்கினது இடப்பக்கப் பிரேக் இறுகிக்கொண்டு நிக்குது எண்டு. சேத்துக்குள்ள நாள்கணக்கா ஓடிப்போட்டு கழுவாம விட்டது நான்தான். கலிப்பர் வழுக்குற ஊசி ரெண்டும் மண்ணும் துருவுமா ஒட்டிக் கிடந்தது. களட்டி, துப்புரவாக்கி, பிரேக்குக்குரிய கிரீஸ் பூசிப் போட்டதும் அடுத்த ராங்கிலயே 11.2.

அதுக்குப் பிறகு எனக்கு இது பழக்கமாப் போச்சு. ஏ9இல போற எவரும் முறிகண்டியில நிப்பாட்டத்தானே போறியள், நிப்பாட்டேக்க கடைசிக் கொஞ்சத் தூரம் பிரேக்கை அமத்தாம ஆறுதலா உருட்டிக்கொண்டு வந்து நில்லுங்கோ. இறங்கி நாலு சில்லின்ர நடுவிலயும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோங்கோ. நாலும் ஒரே சூடா இருக்கோணும், ஒண்டு மட்டும் கொதிச்சா அது பிரேக் இல்லாட்டி பெயாரிங். பின்னுக்கு ட்ரம் பிரேக் எண்டபடியா அதுக்குள்ள போற சேறு தானா வெளிய வராது, மாரி முடிய ஒருக்கா ட்ரம்மைக் களட்டித் துப்புரவாக்கச் சொல்லுங்கோ.

போர்வீல் பற்றிச் சுருக்கமா. காய்ஞ்ச தாரில போர்வீல் போட்டு ஓடாதேங்கோ. இந்த ஜீப்புகளில முன் அச்சையும் பின் அச்சையும் வேற வேற வேகத்தில சுத்த விடுற டிஃப் (டிஃபரென்ஷியல்) நடுவில இல்ல, வளைவில முன் சில்லும் பின் சில்லும் வேற வேற தூரம் போகும், அந்த வித்தியாசம் போக இடமில்லாம ரயரையும் கியரையும் தின்னும். ஸ்ரியறிங் கல்லு மாதிரி இறுகிறதே அடையாளம். மற்றது முன் ஹப், முன் சில்லை அச்சோட பூட்டுற இடம். பழைய 413இல கையால திருப்பிப் பூட்டுற சாமான் இருந்தா, திறந்துதான் இருக்கோ எண்டு பாருங்கோ, மாரிக்குப் பூட்டினதை வருசம் முழுக்க மறந்து ஓடுற ஆக்களைக் கண்டிருக்கிறன். ஜிம்னியில அது வக்கியூமில வேலை செய்யுது, ரப்பர் குழாய் வெடிச்சா லைற் மினுங்கும், முன் சில்லு இழுக்காது. சேத்துக்குள்ள நிண்டு கண்டுபிடிக்கிறதை விட மாசத்துக்கு ஒருக்கா கிரவலில கொஞ்சத் தூரம் போர்வீல் போட்டு ஓடிப் பாக்கிறது நல்லம், ஒயிலும் எல்லா இடமும் போகும்.

ஓட்டுற விதம் எண்டா வேகம்தான் பெரிசு. காத்துத் தடை வேகத்தின்ர வர்க்கத்துக்கு ஏறும். 60இல இருந்து 90க்குப் போனா வேகம் ஒண்டரை மடங்கு, காத்துத் தடை ரெண்டேகால் மடங்கு. அலுமாரியைக் கிடையாத் தள்ளிக்கொண்டு போற மாதிரித்தான் இந்த ஜீப். ஏ9இல ரவுணுக்கு வெளிய சட்டம் 70, அதுவே உங்கட பொக்கற்றுக்கும் நல்லம். மேல ரூஃப் ராக் பூட்டியிருந்தா, அதில சாமான் இல்லாத நேரம் களட்டி வையுங்கோ. படத்துக்கு வடிவுதான், நான் மறுக்கேல்ல.

ஏ9இல பின்னேரத்தில கட்டாக்காலி மாடுகள் றோட்டில வந்து படுக்கும். தூரத்தில கண்ட உடன காலை எடுங்கோ, கியரிலயே உருள விடுங்கோ. நியூற்றலுக்குத் தள்ளுறது பழைய காபரேற்றர் காலத்துப் புத்தி. இப்பத்தைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினில கியரில இருந்தபடி காலை எடுத்தா பெற்றோல் ஊத்துறதையே நிப்பாட்டிடும், நியூற்றலில விட்டா எஞ்சின் நிண்டிடாம இருக்க ஊத்திக்கொண்டுதான் இருக்கும். அதோட கியரில இருந்தா பிரேக்குக்கும் துணை.

எங்கட ஆக்களுக்கு மிச்சம் பிடிக்கச் சொல்லித்தரத் தேவையில்ல எண்டும் ஒருபக்கம் நினைக்கிறன். சண்டைக்காலத்தில பொருளாதாரத் தடை இருந்தப்ப பெற்றோல் போத்தில் கணக்கில விலை, நாலு துளி பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின சனம். பிறகு 2022, ஜூன் கடைசியில 92 ஒக்ரேன் 470 ரூபா, அதுவும் கியூவில நாள்கணக்கு. கியூஆர் கோட்டா முறை வந்தாப்போல காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த 20 லீற்றரில வயலையும் பாத்து வேலைக்கும் போனதிலதான் நான் கொப்பி எழுதத் தொடங்கினனான். ஆனா மண்ணெண்ணெய்ப் பழக்கத்தை இன்ஜெக்‌ஷன் எஞ்சினில காட்டிப்போடாதேங்கோ. 92க்கும் 95க்கும் இடையில என்ர 1.3க்கு 92 போதும், 95 அடிச்ச நாலு ராங்கிலயும் கொப்பியில ஒரு வித்தியாசமும் விழேல்ல.

புழுதிக்கு வருவம். கோடையில கிரவல் லொறிக்குப் பின்னால போனா எயார் பில்ரர் ஒரு மாசத்தில செங்கல் நிறம். காபரேற்றர் ஜீப் எண்டா பில்ரர் அடைச்சா நேரா பெற்றோல் கூடக் குடிக்கும். இன்ஜெக்‌ஷனில அப்பிடி இல்ல, கொம்பியூட்டர் காத்துக்கு ஏத்தமாதிரி பெற்றோலைக் குறைக்கும், இழுவைதான் குறையும், நீங்கள் அதுக்காகக் கூட அமத்துவியள். ஆனா பில்ரரைப் பாக்கச் சொல்லுறது மைலேஜுக்காக இல்ல, கிழிஞ்ச பில்ரரால உள்ள போற மண் பிஸ்ரனை உரசும், அந்த பில் பெற்றோல் பில் மாதிரி இராது. தட்டித் துப்புரவாக்கலாம், கொம்பிறசர் காத்து அடிக்கிறதெண்டா உள்பக்கத்தில இருந்து வெளியால மெல்லமா, ரெண்டு மூண்டு தரத்துக்குப் பிறகு புதுசு போடுங்கோ. லொறிக்குக் கொஞ்சம் இடம் விட்டுப் போனாலே பாதிப் புழுதி மிச்சம்.

ஒயில் மாத்துறதெண்டா எஞ்சினோட முடிஞ்சுது எண்டு நினைக்கக் கூடாது. இந்த ஜீப்பில எஞ்சின், கியர்பொக்ஸ், ட்ரான்ஸ்பர், முன் டிஃப், பின் டிஃப் எண்டு அஞ்சு இடம். எஞ்சின் ஒயிலை இந்தப் புழுதிக்கு 5,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்துறன். டிஃப் ரெண்டும் மாரியில கவனம். ஓடிச் சூடான அச்சு பாய்ஞ்சு ஓடுற தண்ணிக்குள்ள இறங்கினா சட்டெண்டு ஆறும், உள்ளுக்குள்ள காத்துச் சுருங்கும், சீலால தண்ணியை உறிஞ்சும். குளக்கட்டுக்குக் கீழ தண்ணி கடந்திருந்தா, அந்தக் கிழமையே டிஃப்பின்ர மேல் நட்டைக் களட்டிச் சின்ன விரலை விட்டுப் பாருங்கோ. ஒயில் பால்த்தேத்தண்ணி நிறத்தில வந்தா தண்ணி போயிட்டுது, ஊத்திப்போட்டுப் புதுசு விடோணும். ஒயில் காசு சின்னக் காசு, டிஃப் பல்லு அப்பிடி இல்ல.

இப்ப முழுக் கணக்கு. விலை மாசா மாசம் மாறுறபடியா, சுகத்துக்கு லீற்றர் 300 எண்டு வைப்பம், உங்கட நம்பரைப் போட்டுக்கொள்ளுங்கோ. லீற்றருக்கு 11 ஓடினா கிலோமீற்றருக்கு 27 ரூபா சொச்சம். 9 ஓடினா 33. மாசம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடுற எனக்கு அந்த இறுகின பிரேக் மாசத்துக்கு ஆறாயிரம் ரூபாக்கிட்டத் தின்னிருக்கும். நாலு ரயர் 160,000 எண்டு வைச்சு 40,000 ஓடினா கிலோமீற்றருக்கு 4 ரூபா, காத்துப் பாக்காம 25,000இல தேச்சா 6 ரூபா 40 சதம். சேர்விஸ் 5,000க்கு 20,000 எண்டா இன்னொரு 4. உடைஞ்சது, தேஞ்சது, புஷ், பிரேக் எண்டு வருசத்துக்கு 60,000 ஒதுக்கினா, வருசம் 12,000 கிலோமீற்றருக்கு 5 ரூபா. இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை, வாகன வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் சேத்து 90,000 எண்டா 7 ரூபா 50. கூட்டினா 48க்குக் கிட்ட. பெற்றோல் 27, மற்றது 21.

இதில கடைசியாச் சொன்ன 7 ரூபா 50 மட்டும் ஜீப் வீட்ட நிண்டாலும் போற காசு. மற்றதெல்லாம் ஓடினாத்தான் போகும். இந்த வித்தியாசம் எங்க உதவும் எண்டா, கூட்டாளி ஒருத்தன் வந்து "மச்சான், கொழும்புக்கு ஒருக்காப் போயிட்டு வருவம், பெற்றோல் நான் அடிக்கிறன்" எண்டு கேக்கேக்க. போய்வர 660 கிலோமீற்றருக்குக் குறையாது. பெற்றோல் அவன் அடிச்சாலும் ரயர், சேர்விஸ், தேய்மானம் 13 ரூபாப்படி எட்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல என்ர தலையில. கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினன். கொஞ்சநேரம் பாத்துக்கொண்டு இருந்துட்டு, "அப்ப யாழ்தேவி றெயின் எத்தினை மணிக்கு வரும்?" எண்டு கேட்டான்.